ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய அறுவடை

என் ரேவதி அக்காவுக்கு,

மரங்கள் வந்துவிட்டன, அக்கா. செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குப் பார்த்தேன். நீ "நம்ம கட்டம்" என்று பெயர் வைத்திருந்தாயே, ஆவடியும் அம்பத்தூரும் பூந்தமல்லியும் செம்பரம்பாக்கமும் கொஞ்சம் கடலும் சேர்ந்து ஒரே சதுரமாக நம் கணினிக்குள் இருக்கும் இடம், அது திரையில் கரும்பச்சையாக மாறியிருந்தது. ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய மழையில் ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய காடு. எல்லாம் நீ எழுதிய மரங்கள். உன் நிரலில் ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை.

உன் நாற்காலியில் இப்போது பிரின்டர் தாள் கட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்து "வந்துடுச்சுக்கா" என்று சொல்லிவிட்டேன். நல்லவேளை, அறையில் வேறு யாரும் இல்லை.

நீ போய் ஓர் ஆண்டு ஆகிறது. நம் துறையில் உன் நினைவாக ஒரு சிறு மலர் போடுகிறார்கள். ஒரு பக்கம் எழுதினால் போதும், உன் சிரிப்பைப் பற்றி, உன் உழைப்பைப் பற்றி, என்றார்கள். நான் பொதுவில் எழுதிப் பழகாதவள். கூட்டத்தில் இரண்டு வரி பேசுவதற்கும் முந்தின நாளே எழுதி வைத்துக்கொள்கிறவள் என்று நீயே கேலி செய்வாய். ஆனாலும் இதை எல்லோரும் படிக்கிற இடத்தில்தான் எழுத வேண்டும். உன்மேல் பழி விழுந்தது எல்லோர் முன்னாலும். அந்தப் பழி என்னுடையது. அதை உன் காதோடு சொல்லி முடித்துக்கொள்ள இனி வழி இல்லை.

இன்னொரு காரணம் உன் அம்மா. உன் பதினாறாம் நாளன்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "அவ அங்க இன்னாதாம்மா வேல செஞ்சா? எல்லாரும் கம்ப்யூட்டரு கம்ப்யூட்டருன்றாங்க. இன்னா கம்ப்யூட்டரு? எனுக்குப் புரியறா மாறி ஒரு தபா எழுதிக் குடு. எம் பையன் படிச்சிக் காட்டுவான்." அதனால் உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்லப்போகிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் இங்கே எவ்வளவு மழை பெய்தது என்று யாரும் அளந்து வைக்கவில்லை. பழைய ஏரிகளின் அடிச்சேற்றில் மகரந்தத் தூள் கிடக்கிறது. எந்த மரம் எங்கே நின்றது என்று அது கொஞ்சம் சொல்லும். மிச்சத்தைக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். அன்றைக்குப் பூமி சூரியனைச் சுற்றிய விதம் இன்றைக்குப் போல் இல்லை. நம் பக்கத்துக் கோடைக்கு வெயில் கூடுதலாகக் கிடைத்தது, அதனால் பருவமழைக்கும் பலம் கூடுதல். அந்த வெயிலைக் கணினிக்குள் கொடுத்து, காற்றையும் மேகத்தையும் ஓடவிட்டால் ஒரு மழை வரும். அது என் பகுதி. அறையில் என்னை "வானம்" என்றுதான் கூப்பிடுவாய்.

ஆனால் மழை வந்தால் மரம் வளரும். மரம் வளர்ந்தால் தரையின் நிறம் இருளும், வெயிலை அது வாங்கிக்கொள்ளும் அளவு மாறும், வேர் உறிஞ்சிய ஈரம் இலை வழியாகத் திரும்ப மேலே போகும். அப்போது மழையே மாறும். மாறிய மழை மறுபடி மரத்தை மாற்றும். ஆகவே வானத்தைத் தனியே ஓட்டினால் பாதி உண்மைதான் கிடைக்கும். மரத்தையும் கூடவே ஓட்ட வேண்டும், இது சொல்வதை அது கேட்க வேண்டும். மரம் உன் பகுதி. இரண்டையும் இணைப்பது நம் இருவர் வேலை.

உன் அம்மாவிடம் இதை எப்படி விளக்கினாய் என்று ஒருநாள் ரயிலில் சொன்னாய். "புருஷன் பொண்டாட்டி சண்ட போட்டுகினு பேசாம கீறாங்கன்னு வெச்சிக்கோ. நடுவுல ஒரு புள்ள. 'நைனா, அம்மா சாப்புடக் கூப்புடுது.' 'பசிக்கலன்னு போயி உங்கம்மாகிட்ட சொல்லு.' அந்தப் புள்ள அங்கயும் இங்கயும் ஓடிகினே கீதுல்ல, அதான் நம்ம வேலன்னு சொன்னேன்."

"புள்ள தப்பா சொல்லிட்டா?" என்று கேட்டேன்.

"அப்போ அந்த ஊடு அவ்ளோதான்," என்றாய்.

இணைத்து ஓட்டியதும் வீடு அப்படித்தான் ஆயிற்று. இன்றைக்குப் பாலைவனமாகக் கிடக்கும் இடங்களில் நம் கணக்கில் புல் முளைத்தது, அது சரி. ஆனால் இந்தியாவில், மகரந்தம் "இங்கே மரம் இருந்தது" என்று சொல்லும் இடங்களில்கூட, மரம் கொஞ்சம் எழும்பும், அதோடு நின்றுவிடும். மழையும் கூடவே சுருங்கிவிடும். என் வானத்தைத் தனியே ஓட்டியபோது அது ஒழுங்காக இருந்தது. உன் மரத்தைச் சேர்த்த பிறகுதான் கெட்டது. அப்படியானால் தப்பு எங்கே? மரத்தில். எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம். நீயும்.

மூன்றாவதாக ஒன்று இருந்தது. தரை எப்படி இருக்கிறது என்று இரண்டு பக்கத்துக்கும் சொல்லும் கோப்பு. எங்கே மணல், எங்கே களிமண், எங்கே ஏரி, எங்கே பயிர் நிலம், எங்கே ஊர். அதை நான்தான் வைத்திருந்தேன். இன்றைய காலத்துக்காக முன்பு செய்த ஓட்டத்திலிருந்து அப்படியே எடுத்து வந்திருந்தேன். ஆறாயிரம் ஆண்டு பின்னால் போவதற்காக வெயிலை மாற்றினேன். காற்றிலுள்ள கரியமில வாயுவின் அளவை மாற்றினேன். தரையை மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்பது எனக்குத் தெரியாதது அல்ல. செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அந்தக் காலையை நீ மறந்திருக்கலாம். எனக்கு மறக்காது. ஆவடியில் ஏறி உட்கார இடம் கிடைத்த நாள். அண்ணனூர் தாண்டியதும் நீ கைப்பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்தாய். நம் கட்டத்தில் ஓர் ஆண்டு முழுக்க இலை எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கோடு. மழைக்காலத்தில் ஏறிக்கொண்டே போய், தை மாதம் செங்குத்தாக விழுந்திருந்தது. அடுத்த ஆண்டும் அப்படியே. அதற்கடுத்த ஆண்டும்.

"எங்கம்மாகிட்ட காட்டுனேன்டி."

"அம்மாவுக்கு இதுல என்னக்கா புரியும்?"

"ஏன் புரியாது? பாத்த ஒடனே சொல்லிச்சி. 'இன்னாடி இது, அறுப்பு மாறி கீது. ஏறுது ஏறுது, பொத்துனு வுழுது. மரம் இப்டியா கொட்டும், அது கொஞ்சம் கொஞ்சமாத்தான் கொட்டும்'னு."

நான் சிரித்தேன். "ஆறாயிரம் வருஷத்துக்கு முன்னாடி உங்கம்மாதான் அருவாளத் தூக்கிட்டுப் போயிருப்பாங்க."

நீயும் சிரித்தாய். எதிரில் பூ கட்டிக்கொண்டு வந்த பெண்மணிகூட, எதற்கென்று தெரியாமல் சிரித்தார். அம்பத்தூர் வரும்போது தாளை மடித்துக்கொண்டே கேட்டாய். "எதுக்கும் உன் தரக் கோப்ப ஒரு தபா பாத்துடேன் நித்து."

"பார்த்துட்டேன்க்கா," என்றேன்.

பார்க்கவில்லை.

ஒரு சொல்தானே என்று எத்தனையோ முறை எனக்கே சொல்லிப் பார்த்துவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்? சோம்பலா? பார்த்ததாக நிஜமாகவே நம்பினேனா? நம்பியிருந்தால் "பார்த்த ஞாபகம்" என்றுதான் வாய் சொல்லியிருக்கும். என்னைப் பார்க்கச் சொன்னது உன் அம்மாவின் பேச்சு என்பதாலா? எங்கள் வீட்டுக்குப் பருத்திப்பட்டில் நிலம் இருந்தது. அப்பா அதை மனையாகப் பிரித்து விற்றபோது எனக்கு ஐந்து வயது. அறுப்பை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். உன் அம்மா பாவாடை கட்டிய வயதில் செம்பரம்பாக்கம் பக்கத்தில் கூலிக்கு அறுத்தவர். அருவாளைப் பற்றி நான் அடித்த அந்தக் கேலியில் யார் வீட்டுக் குரல் இருந்தது? நீ சிரித்தாயே, அந்தச் சிரிப்பு சிரிப்புதானா?

நம் அறையில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்தவர் கோப்புகளுக்குள் நுழைய மாட்டோம். பூட்டு ஒன்றும் இல்லை, யார் வேண்டுமானாலும் திறக்கலாம். ஆனால் கேட்டுத்தான் தெரிந்துகொள்வோம். சொன்னால் நம்புவோம். இல்லாவிட்டால் இத்தனை பேர் சேர்ந்து ஒரு வேலையைச் செய்யவே முடியாது என்று நீதான் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பாய். நீ என் கோப்பைத் திறந்திருந்தால் பத்து நிமிடத்தில் பார்த்திருப்பாய். திறக்கவில்லை. நான் பார்த்துட்டேன் என்று சொல்லியிருந்தேன்.

அதன் பிறகு நீ உன் நிரலுக்குள் போய்விட்டாய். ஆடியும் ஆவணியும் புரட்டாசியும் போயின. இலை எப்போது உதிர வேண்டும் என்ற வரிகளை மாற்றி மாற்றிப் பார்த்தாய். வேரின் ஆழத்தை மாற்றினாய். விதை பரவும் வேகத்தை மாற்றினாய். ஒவ்வொரு முறையும் தை மாதம் அந்தக் கோடு பொத்தென்று விழுந்தது. மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் வீட்டுக்குத் திரும்ப எடுத்துப் போவாய். "நீயாவது துன்னு" என்று ஒருநாள் என்னிடம் தள்ளினாய். நான் சாப்பிட்டேன். புளிசாதம்.

பிறகு அந்த வியாழக்கிழமைக் கூட்டம். சார் (இதைப் படிக்கிறவர்களுக்காக: எங்கள் வழிகாட்டி) குரலை உயர்த்துகிறவர் இல்லை. அன்றும் உயர்த்தவில்லை. "ரேவதி, உங்க மரத்தால மொத்த வேலையும் நிக்குது. இன்னும் எத்தன மாசம்னு நான் மேல சொல்றது?" ஏழு பேர் இருந்தோம். நீ எழுந்து நின்றாய். நம் கூட்டத்தில் யாரும் எழுந்து நின்று பேசுவதில்லை. நீ நின்றாய். "என் பக்கம்தான் சார் எதோ தப்பு. கண்டுபுடிச்சிடறேன்."

சார் இணைப்பை நிறுத்திவிடலாம் என்றார். வானத்தை மட்டும் ஓட்டுவோம், மரத்தை ஒரு படம் மாதிரி அசையாமல் வைத்துவிடுவோம், உன் பகுதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மூன்று ஆண்டு வேலை. நீ தலையாட்டினாய். நான் என் நோட்டில் என்ன எழுதினேன் என்று பிறகு எடுத்துப் பார்த்தேன். அன்றைய தேதியை எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டிருக்கிறேன். வேறொன்றும் இல்லை.

பத்து நாள் கழித்து உனக்குக் காய்ச்சல் வந்தது. அந்த ஐப்பசியில் நம் பக்கம் வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் கிடந்தார்கள். யாரும் பெரிதாக நினைக்கவில்லை. நாலாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி அனுப்பினாய்: "திங்கக்கெழம வந்துடுவேன். என் மரத்த யாரும் தொடவேணாம்னு சார்கிட்ட சொல்லு." நான் ஒரு கட்டைவிரல் படத்தைப் பதிலாக அனுப்பினேன். ஆறாம் நாள் மதியம் உன் அண்ணன் போன் செய்தார்.

அதைப் பற்றி என்னால் எழுத முடியவில்லை, அக்கா.

மாசி மாதம் சார் என்னைக் கூப்பிட்டு, இணைப்பு வேலையை மூடி ஒழுங்காக எடுத்துவைக்கச் சொன்னார். அப்படி எடுத்துவைக்கும்போது ஒவ்வொரு கோப்பும் எங்கிருந்து வந்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியல் எழுத வேண்டும். தரைக் கோப்பின் முறை வந்தது. பட்டியலுக்காக அதை முதல்முறையாகப் படமாக வரைந்தேன்.

ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய இந்தியாவில் வயல். கங்கைக்கரை முழுக்க வயல், ஆந்திரக் கரை வயல், காவிரி வயல். இன்றைக்கு எங்கெல்லாம் உழுகிறார்களோ அங்கெல்லாம். நம் கட்டத்தில் வயலோடு கொஞ்சம் கான்கிரீட்டும். இன்றைய ஊரையே தூக்கிக்கொண்டு போய் அந்தக் காலத்தில் வைத்திருந்தேன். வயல் என்று குறித்த இடத்தில் உன் மரம் கால் வைக்கக் கூடாது என்பது விதி. ஆண்டுக்கு ஒருமுறை பயிரை அறுத்துத் தரையை வெறுமையாக்குவதும் விதி. அதை யாரும் செய்யச் சொல்ல வேண்டாம், அதுவே செய்யும். உழ ஆள் இல்லாத காலத்தில், யாரும் விதைக்காத நெல்லை, கணினி ஆண்டுதோறும் அறுத்துக்கொண்டிருந்தது. உன் மரங்கள் வரப்போரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தன.

காலை பதினொன்றரை மணி. யாரோ கேன்டீனுக்குக் கூப்பிட்டார்கள். போனேன். டீ குடித்தேன். திரும்பி வந்து பட்டியலில் அடுத்த கோப்புக்குப் போனேன். இதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

ஐந்து மாதம் யாரிடமும் சொல்லவில்லை. ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முத்தாபுதுப்பேட்டைக்கு, உங்கள் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா உன் சுடிதார்களைத் துவைத்துக் காயவைத்து மடித்துக்கொண்டிருந்தார். "பொட்டியிலயே கெடந்தா பூச்சி அரிச்சிடும். குந்து," என்றார். நான் உட்கார்ந்து, ரயிலில் நீ சொன்ன புருஷன் பொண்டாட்டிக் கதையிலிருந்து ஆரம்பித்து, எல்லாவற்றையும் சொன்னேன். பழைய காலத்துக்கு அனுப்பிய தரையில் இன்றைய வயலை எடுக்காமல் விட்டுவிட்டேன் என்றேன்.

"வயலா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா. அதுவே வருஷா வருஷம் அறுத்துக்கிட்டு இருந்திருக்கு."

கை நின்றது. "நான் அன்னிக்கே சொன்னனே, அறுப்புன்னு. அவ உங்கிட்ட சொல்லலியா?"

"சொன்னாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"சிரிச்சேன்மா. அப்புறம் அந்தக் கோப்பப் பாக்கச் சொன்னாங்க. பாக்காமலே பார்த்துட்டேன்னு சொல்லிட்டேன்."

மேலே விமானம் ஒன்று தாழப் பறந்தது. மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தார். "ராவும் பகலும் அதையே பாத்துகினு கெடந்தாம்மா. 'எங்க தப்புன்னே தெரிலம்மா'ன்னு சொல்லுவா. நான் வேற திட்டுனேன், இவ்ளோ படிச்சவளுக்கு இதுகூடத் தெரிலயான்னு." பிறகு நேராக என்னைப் பார்த்தார். "அப்போ அவ செஞ்சது கரீட்டா?"

"கரெக்ட்மா. எல்லாமே கரெக்ட்."

"அந்த சாருக்கு சொன்னியா?"

"இன்னும் இல்ல."

"அப்பறம் இன்னாத்துக்கு எங்கிட்ட வந்து சொல்ற? நானா அவள நிக்கவெச்சிக் கேட்டேன்? யாரு கேட்டாங்களோ அவங்களாண்ட போயி சொல்லு. சொல்லிட்டு வா, ஒரு வாய் காப்பி தண்ணி குடிக்கலாம். இப்போ கெளம்பு."

கோபமாகச் சொல்லவில்லை. மடித்த துணியை எடுத்து உள்ளே வைக்கப் போய்விட்டார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் சாரிடம் சொன்னேன். அவருடைய அறையில், கதவைச் சாத்திவிட்டு. முழுவதும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "கோப்பச் சரிபண்ணி மறுபடி ஓட்டுங்க நித்யா. பேப்பர்ல தரைத் தகவல் திருத்தப்பட்டதுன்னு ஒரு வரி போட்டுக்கலாம். இப்ப எல்லார் முன்னாடியும் சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகுது? அவங்க இல்ல. உங்க பேர்தான் கெடும்." நான் எழுந்து கதவருகே போனபோது, "நானும்தான் ஒருதடவகூட அந்தக் கோப்பக் கேக்கல," என்றார். அதை என்னிடம் சொன்னாரா என்று தெரியவில்லை.

அவர் கெட்டவர் இல்லை, அக்கா. அவர் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது, அதுதான் கஷ்டம்.

மூன்று வியாழக்கிழமைகளுக்கு எழுதி வைத்துக்கொண்டேன். முதல் வாரம் நேரம் போதவில்லை. இரண்டாவது வாரம் என் முறை வந்தது. "தரைக் கோப்பில் ஒரு திருத்தம் செய்திருக்கிறேன்," என்றேன். ஒருவர், "என்ன திருத்தம்?" என்று கேட்டார். "பழைய பதிப்பு," என்றேன். அவர் சரி என்று குறித்துக்கொண்டார். மூன்றாவது வாரம் உடம்பு சரியில்லை என்று வீட்டில் இருந்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. பருத்திப்பட்டு ஏரியைச் சுற்றி இரண்டு தடவை நடந்தேன்.

இதற்கிடையில் கணினி தன் வேலையைச் செய்தது. வயல் இல்லாத தரை, அந்தக் காலத்து வெயில், என் வானம், உன் மரம். வரிசையில் காத்திருந்து, ஓடி, நின்று, மறுபடி ஓடி, இந்தச் செவ்வாய்க்கிழமை முடிந்தது. நம் கட்டத்தில் இலை தை மாதம் விழவில்லை. பங்குனி வரை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது, உன் அம்மா சொன்ன மாதிரி. மழையும் கூடியிருக்கிறது. பிரமாதமாக இல்லை, ஆனால் கூடியிருக்கிறது. புருஷனும் பொண்டாட்டியும் பேசிக்கொள்கிறார்கள், அக்கா.

நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? முதலில் என்னை அடித்திருப்பாய், பிறகு ஸ்டேஷன் வாசலில் பஜ்ஜி வாங்கிக் கொடுத்திருப்பாய். இப்படி நினைப்பதும் எனக்கு வசதிதான். மன்னிக்காமலும் இருந்திருக்கலாம். பேச்சையே நிறுத்தியிருக்கலாம். அதைச் செய்யவும் நீ இல்லை. பழைய மழையை எத்தனை தடவை வேண்டுமானாலும் திருத்தி ஓட்டுகிறோம், அந்த மூன்று மாதத்தில் ஒரு மதியத்தை, டப்பாவைத் திறந்து நீ சாப்பிடுகிற ஒரே ஒரு மதியத்தை, என்னால் உனக்குத் திருப்பித் தர முடியவில்லை.

இங்கே மழை பிடித்திருக்கிறது. செம்பரம்பாக்கத்தைத் திறப்பார்களா என்று ரயிலில் எல்லோரும் போனையே பார்த்துக்கொண்டு வருகிறார்கள். உன் தெருவில் தண்ணீர் ஏறவில்லை என்று உன் அண்ணன் சொன்னார். உன் அம்மாவிடம் நான் பேசவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு சாரிடம் சொன்னது கணக்கில் வராது, உன்னை நிற்கவைத்த கூட்டத்தில் இன்னும் சொல்லவில்லை.

நேற்று உன் நிரலின் மாற்றக் குறிப்பைத் திறந்தேன். யார் எதை எப்போது மாற்றினார்கள் என்று வரிசையாகப் பதிவாகும் பக்கம். அதில் எழுதியதை யாரும் அழிக்க முடியாது, கீழே சேர்க்க மட்டும்தான் முடியும். உன் கடைசிப் பதிவு, காய்ச்சலுக்கு இரண்டு நாள் முந்தியது. "மரம் நிற்காததற்கு என் பகுதிதான் காரணம். எந்த இடம் என்று தெரியவில்லை. எல்லோரும் மன்னிக்கவும். தேடிக்கொண்டிருக்கிறேன். ரேவதி." இனி இந்த நிரலை யார் எடுத்தாலும், எந்த ஊரிலிருந்து எடுத்தாலும், முதலில் படிப்பது இதைத்தான். செய்யாத தப்புக்கு நீ கேட்ட மன்னிப்பு, உன் பெயரோடு.

அதன் கீழே நான் எழுதினேன். "இந்தப் பகுதியில் பிழை இல்லை. ஒருபோதும் இருந்ததில்லை. பயிர் நிலத்தை நீக்காத கோப்பு என்னுடையது. சரிபார்க்கும்படி ரேவதி கேட்டார். பார்க்காமலே பார்த்துவிட்டேன் என்று சொன்னேன். இது அறுவடை என்று முதலில் கண்டுபிடித்தவர் அவருடைய அம்மா. நித்யா." அனுப்பும் பொத்தானை அழுத்துவது சுலபமாகத்தான் இருந்தது. அதைப் படிக்க யாரும் பக்கத்தில் இல்லாததால் இருக்கலாம்.

ஆகவே இதையும் செய்கிறேன். வருகிற வியாழக்கிழமை, இந்த மலர் அச்சாகிக் கைக்கு வரும் முன்பே, அந்த இரண்டு பதிவுகளையும் கூட்டத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வாசிப்பேன். உன்னுடையதை முதலில். எழுதி எடுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை, இரண்டும் மனப்பாடமாகிவிட்டன. உன்னைப் போலவே எழுந்து நின்று வாசிப்பேன். குரல் நின்றுவிட்டால் தாளை அடுத்தவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வேன், ஆனால் உட்கார மாட்டேன். இது சத்தியம், அக்கா. இதனால் உனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்கிறேன்.

பார்க்கிறவர்களிடமெல்லாம் "இது எந் தங்கச்சி, பொய் சொல்லத் தெரியாத புள்ள" என்று நீ சொல்லிக்கொண்டு திரிந்த,

உன் தங்கச்சி
நித்யா